பதினொரு தாள்களில் ஒரே கையெழுத்து

"நீங்கள் பாத்துச் செய்யுங்கோ ரீச்சர்" என்றார் தியாகராசா. சொல்லிவிட்டுக் கதிரையை விட்டு எழுந்தும் விட்டார். பேச்சுத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

2007 டிசம்பர் முதல் வாரம். கொலோன் நகரில், ரைன் ஆற்றின் வலக்கரையில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளி. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளை அடுத்து எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்று பேசும் நாட்கள் அவை. இங்கே பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகம் வரை நேர்வழி. ரியால்ஷூலே நடுவழி. ஹவுப்ட்ஷூலே என்றால் பதினாறு வயதில் ஒரு தொழில் பழகப் போகவேண்டும். முன்பெல்லாம் பள்ளியின் பரிந்துரை பிடிக்காவிட்டால் பெற்றோர் வேறு முடிவெடுக்கலாம். போன வருடத்திலிருந்து சட்டம் மாறிவிட்டது. பள்ளி "பொருந்தாது" என்று எழுதினால், பிள்ளை மூன்று நாள் தேர்வு வகுப்பில் உட்கார்ந்து தன்னை நிரூபிக்கவேண்டும்.

தியாகராசாவின் இளைய மகள் மிதுஷாவுக்கு வகுப்பாசிரியை ஃபிராவ் வெஸ்லிங், அதாவது திருமதி வெஸ்லிங், ரியால்ஷூலே என்று நினைத்திருந்தார். கணக்கில் அவளுக்கு ஒன்று; இங்கே ஒன்றுதான் முதல்தரப் புள்ளி, எண் கூடக்கூடத் தரம் குறையும். சூழல் பாடத்தில் இரண்டு, ஜெர்மன் மொழியில் மூன்று. பேச்சுக் குறிப்புத் தாளில் "பெற்றோரின் விருப்பம்" என்று ஒரு கோடு இருந்தது. அதன்மேல் வெஸ்லிங் எழுதினார்: "குறிப்பிட்ட விருப்பம் இல்லை."

மூலையில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த யோசப்பின் ஜேசுரட்ணம் அதைப் பார்த்தார். அவர்தான் அந்த ஆண்டு பள்ளியின் தற்காலிகத் தலைமை ஆசிரியை.

விருப்பம் இல்லாத மனிதரா தியாகராசா? ரொட்டித் தொழிற்சாலையில் இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, தூங்காமல், சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" என்பது யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் வைத்தியரிடமோ பாதிரியாரிடமோ ஆசிரியரிடமோ சொல்லக்கூடிய மிகப் பெரிய மரியாதை. என் பிள்ளையை உங்கள் கையில் தருகிறேன் என்று பொருள். அந்த வசனத்தை ஜெர்மனில் அப்படியே சொன்னால், இந்த ஆளுக்கு அக்கறை இல்லை என்றுதான் கேட்கும்.

அன்று யோசப்பின் அதை அப்படியேதான் சொன்னார். அது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

*

யோசப்பின் மன்னாரில் பிறந்தவர். 1984இல், பத்து வயதில், தாயோடு ஜெர்மனிக்கு வந்தார். மொழி தெரியாத பிள்ளை என்பதால் ஹவுப்ட்ஷூலேயில் போட்டார்கள். அங்கிருந்து ரியால்ஷூலே, பிறகு கிம்னாசியத்தின் மேல்வகுப்பு என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வருடம், ஒரு விண்ணப்பம், ஒரு சண்டை. மற்றவர்களை விட இரண்டு வருடம் பிந்திப் பல்கலைக்கழகம் போனார். 2001இல் இந்தப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தபோது வயது இருபத்தேழு.

ஜேசுரட்ணம் என்ற அப்பாவின் பெயரை முழுதாகச் சொல்லப் பிள்ளைகளுக்கு நாக்கு வரவில்லை. ஒரு வாரத்தில் "ஃபிராவ் ஜேசு" ஆகிவிட்டார். சமயபாட ஆசிரியர் ஒருவருக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்ததாம். யோசப்பினுக்கு இல்லை.

அந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். பெற்றோர் பேச்சு என்றால் உடனே "ஃபிராவ் ஜேசு, கொஞ்சம் வரமுடியுமா?" என்று கூப்பிடுவார்கள். அவரும் போவார். உதவி செய்கிறோம் என்ற திருப்தி இருந்தது. 2005இல் துணைத் தலைமை ஆசிரியைப் பதவி காலியானபோது, கூடுதல் வேலைக்கு யாரும் முன்வரவில்லை, அவர் விண்ணப்பித்தார். 2007 கோடையில் தலைமை ஆசிரியர் ஓய்வுபெற்றதும் பள்ளி அவர் கைக்கு வந்தது, தற்காலிகமாக. புதியவரைப் பள்ளிச் சபை ஜனவரி கடைசியில் தெரிவுசெய்யும். ஆசிரியர்களும் பெற்றோரும் சம எண்ணிக்கையில் இருக்கும் சபை அது. அவரும் ஒரு வேட்பாளர்.

தேவாலய மண்டபத்தில் கிறிஸ்துமஸுக்கு முன் நடந்த ஒளிவிழாவில் ஞானசுந்தரம் என்பவர் கையில் கட்லட்டுடன் வந்து சொன்னார்: "இனி என்ன யோசப்பின், எங்கட பிள்ளையள் எல்லாம் கிம்னாசியம்தானே. உள்ளுக்க ஆள் இருக்கு."

"உள்ளுக்க ஆள் இருந்தா சோதினை எழுதத் தேவையில்லையோ அண்ணை?"

"சும்மா பகிடிக்குச் சொன்னனான்" என்றார் அவர். ஆனால் பகிடிக்கு மட்டும் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

*

மிதுஷாவின் தாள் ஜனவரி நடுவில் வகுப்பு ஆசிரியர்களின் கூட்டத்துக்கு வரும். அங்கேதான் முடிவு. தலைமை ஆசிரியை என்பதற்காக யோசப்பின் அதைப் பேனாவால் வெட்டி எழுதமுடியாது. எழுதவும் அவர் விரும்பவில்லை. கூட்டத்தில் காட்ட ஆதாரம் வேண்டும் என்று நினைத்தார். ஒரு சனிக்கிழமை பள்ளியின் நிலக்கீழ் அறைக்குப் போய்ப் பழைய கோப்புகளை எடுத்தார்.

2001இலிருந்து நான்காம் வகுப்பு முடித்துப் போன தமிழ்ப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். அதில் ஒன்பது பேருக்குக் கிம்னாசியம் போகக்கூடிய புள்ளிகள் இருந்தன. போனவர்கள் மூன்று பேர். அதே புள்ளிகளோடு இருந்த ஜெர்மன் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் போயிருந்தார்கள். இதை வைத்தால் வெஸ்லிங்கால் பதில் சொல்லமுடியாது என்று யோசப்பின் நினைத்தார். உற்சாகத்தோடு பெற்றோர் பேச்சுத் தாள்களையும் புரட்டினார்.

"பெற்றோர் பள்ளியின் முடிவுக்கு உடன்படுகின்றனர்."

அடுத்த கோப்பிலும் அதே வசனம். அதற்கடுத்ததிலும். பத்தொன்பதில் பதினொரு தாள்களில் அந்த வசனத்தை எழுதியிருந்தது ஒரே கை. நேராக நிமிர்ந்த எழுத்து, வாலை நீட்டிய g. அவருடையதே.

மொழிபெயர்த்தவரே குறிப்பும் எழுதுவது அப்போது வசதியாக இருந்தது. அவர்கள் "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" என்பார்கள். அவர் அதை ஜெர்மன்காரருக்குப் புரியும்படி, மரியாதையாக, "உடன்படுகின்றனர்" என்று மாற்றுவார். பேச்சு இனிதே முடியும். ஒரு தாளிலும் அவர் பெற்றோரிடம் திருப்பிக் கேட்டதற்கான அடையாளம் இல்லை. 2002ஆம் ஆண்டின் தாள் ஒன்றில் நிரோஜா தியாகராசா என்ற பெயர் இருந்தது. மிதுஷாவின் அக்கா. கணக்கில் இரண்டு, ஜெர்மனில் இரண்டு. போனது ஹவுப்ட்ஷூலே. அந்தக் காலத்தில் பெற்றோர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தடுக்கச் சட்டம்கூட இல்லை.

வீட்டில் கணவர் ஸ்ரனிஸ்லாஸ் ட்ராம் பணிமனையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். யோசப்பின் தாள்களின் பிரதிகளை மேசையில் பரப்பினார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதை நீர் கூட்டத்தில காட்டப் போறீரோ?"

"ஓம்."

"உமக்கென்ன விசரே? இன்னும் ஆறு கிழமையில வாக்கெடுப்பு. வெஸ்லிங்கும் சபையில இருக்கிறா. ஒன்பதில மூண்டு எண்ட கணக்கை மட்டும் காட்டும். கையெழுத்தை ஆர் கேட்டது?"

"கணக்கை மட்டும் காட்டினா, பிழை முழுக்க மற்ற ரீச்சர்மாரின்ர எண்டுதானே வரும்."

"அவையின்ர பிழையும் இருக்குத்தானே?"

"இருக்கு. என்ரயும் இருக்கு. அதை விட்டிட்டுச் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம். நானே நம்பமாட்டன்."

ஸ்ரனிஸ்லாஸ் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, தலைமை ஆசிரியைக்குச் சோறு போடட்டோ, இல்லாட்டி முன்னாள் தலைமை ஆசிரியைக்கோ?" என்றார். யோசப்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முடிவு மாறவில்லை.

*

கூட்டத்துக்கு முன் அவர் போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது. நத்தார் (கிறிஸ்துமஸ்) விடுமுறையில் ஒரு பின்னேரம் தியாகராசாவின் வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்த அவர் மனைவி கமலநாயகி பதறிப்போனார்.

"ஐயோ ரீச்சர், சொல்லாமல் வாறீங்கள். மிதுஷா ஏதும் குழப்படியோ?"

"இல்லை அக்கா. நான்தான் ஒரு குழப்படி செய்தனான். அதைச் சொல்ல வந்தனான்."

நிரோஜாவையும் சேர்த்து நால்வரும் வரவேற்பறையில் இருந்தார்கள். மிதுஷா உள்ளே போய்விட்டாள். நிரோஜாவுக்குப் பதினாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்தாள். யோசப்பின் 2002ஆம் ஆண்டுத் தாளை மேசையில் வைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது, எழுதியது யார் என்பதைச் சுற்றிவளைக்காமல் சொன்னார்.

தியாகராசா தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரீச்சர், வெள்ளைக்கார ரீச்சர் மட்டும் இருந்திருந்தா நான் ஏதாவது கேட்டிருப்பன். எங்கட தமிழ்ப் பிள்ளை ஒண்டு அங்க இருக்கு, அது பாத்துக்கொள்ளும் எண்டுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான்."

யோசப்பின் இதை எதிர்பார்க்கவில்லை. தான் அந்த அறையில் இருந்தது அவர்களுக்குப் பலம் என்று ஆறு வருடமாக நினைத்திருந்தார். தான் இருந்ததாலேயே அவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

"மன்னிச்சுக்கொள்ளும், நிரோஜா" என்றார்.

நிரோஜா தோளைக் குலுக்கினாள். "எனக்குக் கடை பிடிச்சிருக்கு ரீச்சர். ஆனா முதலாளியம்மா கேட்டவா, உமக்கு இவ்வளவு கணக்கு வருது, ஏன் ஹவுப்ட்ஷூலே போனனீர் எண்டு. எனக்கு மறுமொழி தெரியேல்லை. இப்ப தெரியும்." பிறகு தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, தங்கச்சிக்கும் நீங்கள் அதே வசனத்தைத்தானே சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?"

"பெரியாக்கள் கதைக்கேக்க நீ சும்மா இரு."

"அவள் சும்மா இருந்ததுதானே வந்த வினை" என்றார் கமலநாயகி. "நீங்களும் சும்மா இருந்தனீங்கள், நானும் சும்மா இருந்தனான். இனி என்ன செய்யிறது ரீச்சர்?"

"இரண்டாம் பேச்சு ஒண்டு வைக்கிறன். நான் மொழிபெயர்க்கமாட்டன். ஞானமலர் எண்டு ஒரு அக்கா வருவா, கோர்ட்டில மொழிபெயர்க்கிறவா. நீங்கள் சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்பிடியே சொல்லுவா. அதால அண்ணை, உங்களுக்கு என்ன வேணுமெண்டு உங்கட வாயால வரவேணும்."

"எனக்கு வேண்டியது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். ஆனா நான் சொல்ல ஏலாது."

தியாகராசா தலையைச் சொறிந்தார். "நீங்கள் தலைவி. ஒரு வசனம் எழுதினா முடிஞ்சுது. அதை விட்டிட்டு என்னைக் கொண்டுபோய் முன்னால நிப்பாட்டுறீங்கள்."

"ஓம், அண்ணை. நிப்பாட்டத்தான் போறன்."

*

ஜனவரி ஒன்பதாம் தேதி இரண்டாம் பேச்சு நடந்தது. ஃபிராவ் வெஸ்லிங் இருபத்தெட்டு வருடம் கற்பித்தவர். கெட்டவர் அல்ல. பிள்ளைகளுக்காகத் தன் சொந்த நேரத்தில் நூலகத்தை ஒழுங்குபடுத்தியவர். அவர் தன் குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஏற்கனவே பேசியாயிற்றே" என்றார்.

"சரியாகப் பேசவில்லை. அதற்கு நானும் காரணம்" என்றார் யோசப்பின்.

மனைவியோடு வந்திருந்த தியாகராசா பேசத் தொடங்கினார். முதலில், ஃபிராவ் வெஸ்லிங் நன்றாகப் படிப்பிக்கிறார் என்று சொன்னார். பிறகு, பள்ளிக்கூடம் சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு, ஜெர்மனி தங்களுக்கு இடம் தந்ததற்கு நன்றி சொன்னார். ஞானமலர் ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தார். வெஸ்லிங் கடிகாரத்தைப் பார்த்தார். யோசப்பினுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது: அவர் கிம்னாசியம் கேட்கிறார் என்று. கைகளை மேசைக்கு அடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, பஸ் போகப்போகுது" என்றார் கமலநாயகி கணவரிடம் மெதுவாக. ஞானமலர் அதையும் மொழிபெயர்த்தார்.

வெஸ்லிங் சிரித்துவிட்டார். எல்லோருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தியாகராசா சொன்னார்: "எனக்கு மிதுஷா கிம்னாசியம் போகவேணும். நான் அதைத்தான் விரும்புறன். முதல் நாளும் அதைத்தான் விரும்பினனான்."

"அப்படியானால் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?" வெஸ்லிங்கின் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"நீங்கள் படிச்சவை. உங்களுக்கு முன்னால என்ர விருப்பத்தைச் சொல்லுறது மரியாதை இல்லை எண்டு இருந்திட்டன்."

வெஸ்லிங் எதையோ எழுதினார். பிறகு தன் தரப்பைச் சொன்னார். மிதுஷா வகுப்பில் கை தூக்குவதே இல்லை. கேட்டால் சரியாகச் சொல்கிறாள். தானாக ஒன்றும் சொல்வதில்லை. வாய்மொழிப் புள்ளி குறைவதால்தான் ஜெர்மனில் மூன்று. கிம்னாசியத்தில் பேசாத பிள்ளை அமிழ்ந்துபோகும். வீட்டில் உதவி செய்யவும் யாரும் இல்லை.

ஞானமலர் முடிக்குமுன் கமலநாயகி குறுக்கிட்டார். "கை தூக்காதது நாங்கள் பழக்கினது. பெரியாக்கள் கேட்டாத்தான் கதைக்கவேணும் எண்டு வீட்டில ஒவ்வொரு நாளும் சொல்லுறனான். அதுக்குப் புள்ளி குறைக்கிறதெண்டா எனக்குக் குறையுங்கோ, பிள்ளைக்குக் குறையாதேங்கோ. உதவிக்கு அவளின்ர அக்கா இருக்கிறா. கணக்கு அவவுக்கு நல்லா வரும்."

"அக்கா எங்கே படித்தாள்?" என்று கேட்டார் வெஸ்லிங்.

யோசப்பின் பதினொரு பிரதிகளையும் மேசையில் வைத்தார். பத்தொன்பது, ஒன்பது, மூன்று என்ற எண்களையும் சொன்னார். "இந்தப் பதினொன்றும் என் எழுத்து. அக்காவின் தாள் மேலே இருக்கிறது. இவர்கள் உடன்படவில்லை. நான்தான் உடன்பட்டதாக எழுதினேன். மீதி எட்டும் மற்ற ஆசிரியர்கள் எழுதியவை. அவற்றிலும் இதே கதைதான்."

வெஸ்லிங் தாள்களைப் புரட்டினார். மீதி எட்டில் இரண்டு தன்னுடையவை என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். போகும்போது கதவருகே நின்று, "இதைச் சபையிலும் சொல்லப்போகிறீர்களா?" என்று கேட்டார்.

"யாரும் கேட்டால் சொல்வேன்."

"கேட்பார்கள்" என்றார் வெஸ்லிங்.

*

வகுப்பு ஆசிரியர்களின் கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. மிதுஷாவின் தாளில் "கிம்னாசியத்துக்குக் கட்டுப்பாடுகளுடன் பொருந்துவார்" என்று எழுதப்பட்டது. மூன்று நாள் தேர்வு வகுப்பு தேவையில்லை. ஆனால் பெற்றோர் அந்தக் கிம்னாசியத்துக்கே போய் ஒரு ஆலோசனைப் பேச்சில் உட்காரவேண்டும். அதன் பிறகே பதியலாம். வெஸ்லிங் அதற்கு மேல் போக மறுத்தார். யோசப்பின் தன் எதிர்ப்பைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு முடிவை ஏற்றுக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்குப் பின் பள்ளிச் சபை கூடியது. வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கும் நேரத்தில் ஒரு ஜெர்மன் தகப்பன், அந்தப் பதினொரு தாள்கள் பற்றிக் கேள்விப்பட்டேன் என்றார். யோசப்பின் எல்லாவற்றையும் சொன்னார். இன்னொருவர், நீங்கள் உங்கள் ஆட்களுக்கு மட்டும் பார்ப்பீர்களா என்று கேட்டார். "என் ஆட்களுக்கு நான் பார்த்த இலட்சணத்தைத்தான் இப்போது சொன்னேன்" என்றார் யோசப்பின். இரகசிய வாக்கெடுப்பில் ஒரு வாக்கால் தோற்றார். தெரிவானவர் வெளியூர் ஆசிரியர். கோடை விடுமுறைக்குப் பிறகுதான் வருவார்.

அப்படியானால் இன்னும் ஆறு மாதம் பள்ளி அவருடைய கையில். அடுத்த ஆசிரியர் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நான்காம் வகுப்புப் பெற்றோருடன் ஒரு பேச்சு அல்ல, இரண்டு. பிள்ளைகளோ பள்ளி ஆசிரியர்களோ மொழிபெயர்க்கக்கூடாது. "பெற்றோரின் விருப்பம்" என்ற கோடு வெறுமையாக இருந்தால் தாள் கூட்டத்துக்கு வராது, திரும்பிப் போகும். தமிழருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். தீர்மானம் நிறைவேறியது. முதலில் கை தூக்கியவர்களில் வெஸ்லிங்கும் ஒருவர்.

வாக்கெடுப்புச் செய்தி தமிழ்க் கடைவரை போய்விட்டது. தியாகராசா தொலைபேசியில் கூப்பிட்டார். "எங்களாலதானே ரீச்சர் உங்களுக்கு இப்பிடி."

"அதை விடுங்கோ அண்ணை. கிம்னாசியத்தில பேச்சு எப்ப?"

"திங்கட்கிழமை. நீங்களும் வாறீங்கள்தானே?"

"இல்லை."

"ஞானமலர் அக்கா?"

"அண்டைக்கு அவவுக்குக் கோர்ட்டில வேலை. நீங்களும் அக்காவும் போங்கோ. பதினெட்டு வருஷம் ஜெர்மன்காரரோட ரொட்டி சுடுறீங்கள். உங்கட ஜெர்மன் அவைக்கு விளங்குதெண்டா இவைக்கும் விளங்கும்."

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு யோசப்பினின் அலுவலகத் தொலைபேசி அடித்தது. கமலநாயகிதான் பேசினார், கணவர் பக்கத்தில் நின்று இடையிடையே திருத்திக்கொண்டிருந்தார். ஆலோசகர் ஒரு உயரமான மனிதராம். பிள்ளைக்கு இங்கே கஷ்டமாக இருக்கும், ரியால்ஷூலே போனால் சந்தோஷமாக இருப்பாள் என்று கால் மணி நேரம் சொன்னாராம்.

"இவர் என்ன சொன்னவர் தெரியுமோ ரீச்சர்? 'கஷ்டம் எண்டா நான் வருவன். ஒவ்வொரு மாசமும் வருவன். எனக்குப் பகலில வேலை இல்லை' எண்டார். அந்த மனுஷன் பயந்துபோனார்."

"பயப்படேல்லை, சிரிச்சவர்" என்று பின்னால் தியாகராசாவின் குரல் கேட்டது.

"பதிஞ்சாச்சோ அக்கா?"

"பதிஞ்சாச்சு. சீல் அடிச்ச தாள் கையில கிடக்கு."

யோசப்பின் ஒரு கணம் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு நிமிர்ந்து நாட்காட்டியை இழுத்தார். "நல்லம். இனிக் கேளுங்கோ. ஏப்ரலில புதுப் பெற்றோருக்கு ஒரு மாலைக் கூட்டம் வைப்பினம். ரெண்டாம் அந்நிய மொழி பிரெஞ்சோ லத்தீனோ எண்டு அதிலதான் சொல்லுவினம். கட்டாயம் போகோணும்."

"இவருக்கு இரவு வேலை ரீச்சர்."

"அப்ப நீங்கள் போங்கோ. பின்னுக்குப் போய் இருக்காதேங்கோ, முன் வரிசையில இருங்கோ. விளங்காட்டி அங்கேயே கேளுங்கோ."

"எல்லாருக்கும் முன்னாலயோ?"

"எல்லாருக்கும் முன்னாலதான்."

மறுமுனையில் கமலநாயகி கணவரிடம் பேனா கேட்பது கேட்டது. "சரி, தேதியைச் சொல்லுங்கோ" என்றார். "எழுதுறன்."